தவிட்டு எண்ணெயும் ஹெக்ஸேனும்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த என் சித்தி, எண்ணெய்ப் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே திரும்பி, "ஏம்ப்பா, பெட்ரோல ஊத்தித்தான் தவிட்டு எண்ணெய் எடுக்கிறீங்களாமே, நெசமா?" என்று கேட்டார். கைபேசியில் யாரோ அனுப்பிய காணொளி ஒன்று அவரைக் கலவரப்படுத்தியிருந்தது. காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரிசித் தவிட்டு எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

காணொளி சொன்னது முழுப் பொய்யல்ல. தவிட்டிலிருந்து எண்ணெயைக் கரைத்தெடுக்க ஆலைகளில் ஊற்றும் திரவத்தின் பெயர் ஹெக்ஸேன். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது, பெட்ரோலுக்குப் போகும் நாப்தாவின் ஒரு பகுதியிலிருந்துதான் ஹெக்ஸேன் கிடைக்கிறது. ஏறத்தாழ 63 முதல் 70 டிகிரி செல்சியசுக்குள் கொதிக்கும் குறுகிய பகுதியை மட்டும் தனியே பிரித்து, அதிலுள்ள கந்தகத்தை நீக்கி, பென்சீனை ஹைட்ரஜன் ஏற்றி மாற்றி, உணவுத் தொழிலுக்கு ஏற்ற தரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சென்னைக்கு அருகே மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையிலும் இந்த உணவுத்தர ஹெக்ஸேன் தயாராகிறது. ஆனால் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் என்பது நூற்றுக்கணக்கான சேர்மங்களும் பென்சீனும் பிற சேர்க்கைப் பொருள்களும் கலந்த ஒன்று. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று சொல்லலாம். இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது.

ஆறு கார்பன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்க, அவற்றைச் சுற்றிப் பதினான்கு ஹைட்ரஜன் அணுக்கள் அமைந்த மூலக்கூறுதான் நார்மல் ஹெக்ஸேன். அதே எண்ணிக்கையிலான அணுக்களைக் கிளைவிட்ட வடிவங்களிலும் அடுக்கலாம் என்பதால், அந்த நேர்ச்சங்கிலியையும் சேர்த்து மொத்தம் ஐந்து மாற்றியங்கள் உண்டு. டேங்கர் லாரியில் வந்து இறங்கும் சரக்கில் இவற்றில் சிலவும் வளைய வடிவச் சேர்மங்கள் சிலவும் கலந்தே இருக்கும். நேர்ச்சங்கிலிக்கும் கிளைச்சங்கிலிக்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்கும் காலத்தில் வெறும் தேர்வுக்கேள்வியாக மனப்பாடம் செய்தேன். மனித நரம்பைப் பொறுத்தவரை அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது மிகப் பிந்தித்தான் எனக்குப் புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பார்வைக்கு அது தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். தூக்கினால் தண்ணீரின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். மைனஸ் 95 டிகிரி வரை உறையாது. 69 டிகிரியில் கொதித்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராமுக்கு மேல் அது கரைவதில்லை. எண்ணெயோடு சேர்ந்தால் மட்டும் எந்த விகிதத்திலும் முழுமையாகக் கலந்துகொள்கிறது. எண்ணெய் மூலக்கூறில் நீண்டு தொங்கும் கொழுப்பு அமிலச் சங்கிலிகளும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சரங்களே ஆதலால், இனம் இனத்தோடு சேர்கிறது. தவிட்டிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் உப்புகளும் இந்தக் கூட்டத்தில் சேராமல் அப்படியே தங்கிவிடுகின்றன. ஆகவே எண்ணெயை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான திரவம் எளிதில் கிடைக்காது. தவிட்டின் மெழுகும் கூடவே கரைந்து வந்துவிடுவது ஒரு தொல்லைதான். பிற்பாடு எண்ணெயைக் குளிரவைத்து அதைத் தனியே வடிகட்ட வேண்டியிருக்கிறது.

செக்கில் ஆட்டக் கூடாதா என்று சித்தி கேட்டார். எள்ளையும் நிலக்கடலையையும் தேங்காயையும் செக்கில் ஆட்டலாம். அவற்றில் பாதிக்குப் பாதியோ அதற்கும் மேலோ எண்ணெய் இருக்கிறது. அப்படி ஆட்டிய பிறகும், இரும்புத் திருகுச்செக்கில் பிழிந்த புண்ணாக்கிலேயே 6 முதல் 8 சதவீதம் எண்ணெய் தங்கிவிடும். தவிட்டிலோ மொத்த எண்ணெயே பச்சரிசித் தவிடானால் 15 சதவீதத்தை ஒட்டியும், புழுங்கல் அரிசித் தவிடானால் 20 சதவீதத்துக்கு மேலும்தான். எவ்வளவு அழுத்தினாலும் அந்தப் பொடி தன் எண்ணெயை விட்டுக்கொடுக்காது. ஹெக்ஸேன் கொண்டு கழுவினால், கடைசியில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே தவிட்டில் மிஞ்சுகிறது. அரிசி ஆலைகளின் பின்புறம் மாட்டுத் தீவனமாகவும் அடுப்பெரிக்கவும் போய்க்கொண்டிருந்த ஒரு பொருள் சமையல் எண்ணெயாக மாறியது இந்தத் திரவத்தால்தான் என்பதை நான் பெருமையோடு சொல்வேன்.

தவிடு ஆலைக்கு வந்து சேரும் காட்சியே தனி. நெல் குத்தி வெள்ளையாக்கும் கணத்திலேயே, தவிட்டிலுள்ள லைப்பேஸ் என்னும் நொதி விழித்துக்கொண்டு எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. பச்சரிசித் தவிடானால் ஒரே நாளில் கொழுப்பு அமிலம் சில சதவீதம் ஏறிவிடும். நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செயலிழந்துபோவதால் புழுங்கல் தவிடு சற்றுத் தாங்கும். லாரி வந்து நின்றதும் ஒவ்வொரு சாக்கிலும் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார்கள். எண்ணெய் எத்தனை சதவீதம், அமிலம் எத்தனை சதவீதம் என்று நான் எழுதித் தரும் இரண்டு எண்களை வைத்துத்தான் விலை தீரும். வெளியே வியாபாரி காத்திருக்க, உள்ளே என் மேசையில் சாக்ஸ்லெட் கருவி ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் 1879இல், பாலிலுள்ள கொழுப்பை அளப்பதற்காக உருவாக்கிய கண்ணாடிக் கருவி அது. கீழே உள்ள குடுவையில் ஹெக்ஸேன் கொதித்து ஆவியாகி மேலே போகும். குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் தவிட்டின் மேல் விழும். தவிடு நிறைந்த கூடு ததும்பியதும், பக்கத்திலுள்ள வளைகுழாய் வழியே அத்தனையும் ஒரே மூச்சில் கீழே வழிந்துவிடும். எண்ணெய் குடுவையிலேயே தங்க, ஹெக்ஸேன் மட்டும் மறுபடி தூயதாக மேலே ஏறும். அதே 100 மில்லிலிட்டர் திரவம், மணிக்கணக்கில், திரும்பத் திரும்பப் புதிதாகக் கழுவும். பெரிய ஆலை முழுவதும் இந்தக் கண்ணாடிக் கருவியை இரும்பில் பெரிதாகச் செய்ததுதான் என்று, வேலைக்குச் சேரும் இளைஞர்களிடம் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். இதை ஓடவிட்டு அரைமணி நேரம் உற்றுப் பார்த்தவருக்கு வெளியே உள்ள கோபுரங்களும் குழாய்களும் எதற்கென்று தானாகவே புரிந்துவிடும்.

ஆலையில் தவிட்டை அப்படியே கழுவ முடியாது. நுண்பொடியாக இருப்பதால் திரவம் ஊடுருவாமல் சேறுபோல அடைத்துக்கொள்ளும். நீராவி காட்டிச் சிறு உருளைகளாகப் பிடித்து, நகரும் வலைப்பட்டையின் மேல் படுக்கையாகப் பரப்புகிறார்கள். அதன் மேல் 55 முதல் 60 டிகிரி சூட்டில், அதாவது கொதிநிலைக்குச் சற்றே கீழே, ஹெக்ஸேன் பொழிகிறது. தவிடு ஒரு திசையில் நகர, திரவம் எதிர்த்திசையில் செலுத்தப்படுவதால், எண்ணெய் முற்றும் வற்றிய தவிட்டின் மேல்தான் தூய ஹெக்ஸேன் விழும். ஏற்கெனவே எண்ணெய் ஏறிய திரவம் புதுத் தவிட்டைச் சந்திக்கும். எண்ணெயும் ஹெக்ஸேனும் கலந்து வெளியேறும் கலவைக்கு மிசெல்லா என்று பெயர். இதுவரை நடந்தது வேலையின் எளிய பாதி.

கடினமான பாதி, உள்ளே விட்ட ஹெக்ஸேனை ஒரு சொட்டு விடாமல் திரும்பப் பெறுவது. மிசெல்லாவை வெற்றிடத்தில் காய்ச்சி ஹெக்ஸேனை ஓட்டுகிறார்கள். கிலோவுக்குச் சுமார் 335 கிலோஜூல் வெப்பம் கொடுத்தால் அது ஆவியாகிவிடும். தண்ணீருக்கு 2257 வேண்டும். கொதிகலனில் உமி எரியும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கும் ஆலைக்காரருக்கு இந்த ஏழில் ஒரு பங்கு என்பது இலாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையிலுள்ள கோடு. எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிச் சதவீதத்தை விரட்டுவதற்கு நீராவியைச் செலுத்துவார்கள். ஹெக்ஸேனும் நீரும் சேர்ந்து, இரண்டின் தனிக் கொதிநிலைக்கும் கீழே, 62 டிகிரியை ஒட்டியே கூட்டாக ஆவியாகி வெளியேறிவிடும் என்பது இங்கே கைகொடுக்கிறது. மறுபக்கம், எண்ணெய் எடுத்த தவிடு தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஹெக்ஸேனைக் குடித்துக்கொண்டு வெளியே வருகிறது. அதை அடுக்கடுக்கான தட்டுகளில் நீராவியால் வறுத்து உலர்த்த வேண்டும். அந்தத் தவிட்டை ஒரு புட்டியில் அடைத்து, சற்று நேரம் கழித்துத் தீ காட்டிப் பார்ப்பது என் ஆய்வக வேலைகளில் ஒன்று. ஒரு சிறு நீலச் சுடர் ஓடி மறைந்தாலும் அந்தச் சரக்கைக் கிடங்குக்கு அனுப்ப மாட்டோம்.

இப்படிப் பல வாய்களிலிருந்தும் வரும் ஆவிகளைக் குளிர்வித்தால், ஒரு தொட்டியில் கீழே நீரும் மேலே ஹெக்ஸேனும் தாமாகவே பிரிந்து நிற்கும். மேலே நிற்பது மறுபடி கழுவப் போகும். குளிர்விப்பானுக்கும் அகப்படாமல் காற்றோடு தப்ப முயலும் ஆவியைக் குளிர்ந்த கனிம எண்ணெயில் கரைத்துப் பிடித்து, அதையும் காய்ச்சி மீட்கிறார்கள். ஒரு டன் தவிட்டுக்கு எத்தனை லிட்டர் ஹெக்ஸேன் காணாமற்போயிற்று என்பதுதான் ஒவ்வொரு காலையும் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி. அவர் பணக்கணக்காகக் கேட்டார். நான் அதை வேறொரு கணக்காகவும் பார்த்தேன். காணாமற்போன ஹெக்ஸேன் எங்கோ இருக்கிறது: காற்றில், சாக்கடையில், கிடங்கில், அல்லது ஒருவரின் நுரையீரலில்.

இந்த இடத்துக்கு ஹெக்ஸேன் எளிதாக வந்து சேரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் மார்செய் நகரில், ஆலிவ் சக்கையில் மிஞ்சிய எண்ணெயைக் கார்பன் டைசல்பைடு கொண்டு எடுத்தார்கள். அது நாறும், நஞ்சு, நூறு டிகிரி சூடான குழாயில் பட்டாலே தீப்பற்றிவிடும். பிறகு பென்சீன் பயன்பட்டது. அது எலும்பு மஜ்ஜையை அழிக்கும். தீப்பற்றாத திரவம் ஒன்று கிடைத்தால் எல்லாத் தொல்லையும் தீரும் என்று எண்ணி டிரைகுளோரோஎத்திலீனைக் கொண்டு சோயா எண்ணெய் எடுத்தார்கள். அந்தச் சோயாப் புண்ணாக்கைத் தின்ற மாடுகள் இரத்தம் உற்பத்தியாகாமல் செத்துவிழுந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்காட்லாந்திலும் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் இது நடந்தது. அந்தத் திரவம் புரதத்திலுள்ள சிஸ்டீனோடு வினைபுரிந்து நஞ்சாக மாறியிருந்தது. ஹெக்ஸேனோ எதனோடும் வினைபுரியாமல், வந்த வேலையை முடித்து வெளியேறிவிடும் என்பதால்தான் நிலைத்தது.

இனிச் சித்தியின் எண்ணெய்ப் பாக்கெட்டுக்கு வருகிறேன். கரைப்பான் கொண்டு எடுத்த எண்ணெயைச் சுத்திகரிக்காமல் மக்கள் உண்பதற்கு விற்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். சுத்திகரித்த எண்ணெயில் ஹெக்ஸேன் பத்து இலட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு டன் எண்ணெயில் 5 கிராம் என்று நினைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் இதை 1 கிராமாக வைத்திருக்கிறது. நாமும் அங்கே போக வேண்டும் என்பது என் விருப்பம், ஒழுங்காக நடக்கும் ஆலைக்கு அது எட்டாத இலக்கு அல்ல. காரணம், சுத்திகரிப்பின் கடைசிக் கட்டமாகிய மணநீக்கத்தில், எண்ணெயை 220 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தை வெறும் சில மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறக்கி, நீராவியைக் குமிழிகளாக விடுகிறார்கள். 69 டிகிரியிலேயே பறந்துவிடும் ஒன்று அங்கே பதுங்கியிருக்க வழியில்லை. "சித்தி, பாக்கெட்டில் உள்ளதைப் பற்றி அஞ்சாதீர்கள், அதே எண்ணெயை மறுபடி மறுபடி பலகாரத்துக்குக் காய்ச்சுவதை மட்டும் நிறுத்துங்கள்" என்று சொன்னேன். செக்கெண்ணெயின் மணமும் சுவையும் வேண்டுமென்று அதை வாங்குபவரிடமும் எனக்கு வழக்கு ஏதும் இல்லை.

என் அச்சம் முழுவதும் ஆலைக்குள்ளே நிற்பவரைப் பற்றியது. ஹெக்ஸேன் ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் வடிகாலிலும் படுத்துக்கொள்ளும். மைனஸ் 22 டிகிரியிலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும் என்றால், நம் சித்திரை வெயிலில் அதன் நிலையை எண்ணிப் பாருங்கள். காற்றில் 1.1 சதவீதம் முதல் 7.5 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். நான் ஒருமுறை கணக்குப் போட்டுக் கரும்பலகையில் எழுதி வைத்தேன்: ஒரு லிட்டர் ஹெக்ஸேன் முழுதும் ஆவியானால் சுமார் 17 கன மீட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக்கும், பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறைக்கு இரண்டு லிட்டர்கூடத் தேவையில்லை. அந்தப் பலகைக்குப் பிறகு, வாளியில் ஹெக்ஸேன் பிடித்து மோட்டார் துடைக்கும் பழக்கம் எங்கள் ஆலையில் நின்றது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆலை சீராக ஓடும்போது, கழுவும் பெட்டிக்குள் ஆவி 7.5 சதவீதத்தைத் தாண்டி அடர்ந்திருப்பதால், எரியத் தேவையான காற்றே அங்கே இருக்காது. நிறுத்தும்போதும் மறுபடி தொடங்கும்போதும் காற்று உள்ளே நுழைந்து, கலவை அந்த வெடிக்கும் எல்லையைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆகவே பழுதுபார்க்க நிறுத்திய நாளில்தான் ஆலை மிகவும் ஆபத்தானது. அந்த நாளில்தான் வெல்டிங் செய்பவரும், ஒப்பந்தக் கூலியாக வந்த புதியவரும் உள்ளே இறங்குகிறார்கள். ஹெக்ஸேன் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், குழாயில் வேகமாக ஓடும்போது உராய்வில் சேரும் மின்னூட்டம் வெளியேற வழியின்றித் தங்கும். டேங்கர் இறக்கும்போது முதலில் எர்த்து கம்பி, பிறகுதான் குழாய், ஓட்டம் மெதுவாக, நைலான் சட்டை கூடாது, கைபேசி வாயிலிலேயே நின்றுவிட வேண்டும். நான் இந்த வரிசையை யார் முன்னும் விட்டுக்கொடுத்ததில்லை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகரில், 1981 பிப்ரவரி 13 அன்று விடியும் முன், தெருக்கள் வரிசையாக வெடித்துப் பிளந்தன. ஒரு சோயா ஆலையிலிருந்து ஹெக்ஸேன் நகரச் சாக்கடைக்குள் போயிருந்தது; தவழ்ந்து போய் நிலத்தடிக் குழாய்களில் நிறைந்த ஆவியில் எங்கோ ஒரு பொறி பட்டதும், இரண்டு மைலுக்கு மேற்பட்ட சாலைகள் பள்ளங்களாயின. அதிகாலையானதால் உயிர்ச்சேதம் இல்லாமற்போனது. இப்படி நேராமல் காக்க ஆலையில் ஒரு சிறிய தொட்டி உண்டு. ஹெக்ஸேன் பிரிந்த பின் வெளியேற வேண்டிய கழிவுநீரை 85 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கரைந்திருக்கும் மிச்சத்தையும் விரட்டிவிட்டுத்தான் வடிகாலில் விட வேண்டும். எவருடைய கண்ணுக்கும் படாத மூலையில் கிடக்கும் அந்தத் தொட்டியின் வெப்பமானியைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை.

தீயைப் பற்றி ஆலைகளில் பேசுகிறார்கள். நரம்பைப் பற்றிப் பேசுவதில்லை. என் மாமன் மகன் ஒருவர், வேறொரு ஊரில் செருப்பு ஒட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். தாழ்ந்த கூரை, ஒரே சன்னல், வரிசையாகத் திறந்து கிடக்கும் பசை டப்பாக்கள். ரப்பர் பசையைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான்களில் ஹெக்ஸேனும் ஒன்று. பூசினால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால் பட்டறைகளுக்கு அது பிடிக்கும். காய்ந்துவிடும் என்றால் காற்றில் கலந்துவிடும் என்று பொருள். எங்கள் ஆலையில் ஒவ்வொரு துளியையும் மீட்கக் குளிர்விப்பான்கள் நின்றன. அந்தப் பட்டறையில் போனது போனதுதான், போகும் வழியில் பத்துப் பேரின் மூச்சு இருந்தது. ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர், காலில் செருப்பு கழன்று விழுவதே தெரியவில்லை என்றார். சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை. சர்க்கரை நோய் இல்லை என்று இரண்டு இடங்களில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

உடலுக்குள் போன நார்மல் ஹெக்ஸேனைக் கல்லீரல் வெளியேற்ற முயலும்போது, படிப்படியாக ஆக்சிஜன் ஏற்றி, 2,5-ஹெக்ஸேன்டையோன் என்னும் சேர்மமாக மாற்றிவிடுகிறது. சங்கிலியின் இரண்டு பக்கமும் சரியான இடைவெளியில் கொக்கி வைத்த மூலக்கூறு அது. நரம்பிழைக்குள் சாரம் கட்டினாற்போல் நிற்கும் புரத இழைகளில் அந்தக் கொக்கிகள் மாட்டி, இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. போக்குவரத்து அடைபட்டு, நரம்பு வீங்கி, மிக நீண்ட நரம்புகள் முதலில் பழுதாகின்றன. ஆகவே பாதத்தில் தொடங்கிப் பிறகு கைவிரலுக்கு வருகிறது. கிளைவிட்ட மாற்றியங்களுக்கோ ஒரு கார்பன் கூடுதலான ஹெப்டேனுக்கோ இந்தக் கொக்கி இவ்வளவு பொருத்தமாக அமைவதில்லை. தேர்வுக்குப் படித்த அந்த மாற்றியங்களின் வேறுபாடு இதுதான். ஒரே கொதிநிலையை ஒட்டி, ஒரே மணத்தோடு, ஒரே டப்பாவில் இருப்பவற்றில் ஒன்று மட்டும் காலை முடக்குகிறது.

ஜப்பானில் 1960களில், வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு ஒட்டிய தொழிலாளர்களில் 90க்கும் மேற்பட்டோருக்கு இது வந்தது. அதற்குப் பிறகே மருத்துவ உலகம் இந்த நோயைத் தெளிவாக அறிந்தது. ஆனாலும் 2009இல் சீனாவின் சூச்சோ நகரில், கைபேசித் தொடுதிரைகளைத் துடைக்க ஆல்கஹாலைவிடச் சீக்கிரம் காய்கிறது என்று ஹெக்ஸேனைக் கொடுத்தார்கள். 137 தொழிலாளர்கள் நோயுற்றார்கள். சீக்கிரம் காய்கிறது என்ற அதே காரணம், அதே நோய், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அமெரிக்காவில் பழைய சட்ட வரம்பு காற்றில் பத்து இலட்சத்துக்கு 500 பங்கு வரை அனுமதிக்கிறது. அந்நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனமே பரிந்துரைப்பது 50தான். அந்தப் பத்து மடங்கு இடைவெளிக்குள் ஒருவரின் கால்கள் இருக்கின்றன. பசையில் மெத்தில் எத்தில் கீட்டோனும் கலந்திருந்தால் கேடு மேலும் கூடும் என்பதையும் பட்டறை நடத்துபவர்கள் அறிய வேண்டும். அதுவும் பசைகளில் வழக்கமாகச் சேர்வதுதான்.

எண்ணெய் ஆலைகளுக்கு மாற்று உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. எத்தனால் நல்லது, ஆனால் ஆவியாக்க ஹெக்ஸேனைவிட இரண்டரை மடங்கு வெப்பம் வேண்டும், தவிட்டின் சர்க்கரையையும் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவரும். அழுத்தப்பட்ட கார்பன் டைஆக்சைடு காபியிலிருந்து காஃபீனை எடுக்கப் பயன்படுகிறது. அத்தனை அழுத்தத்தைத் தாங்கும் கலங்களைத் தவிட்டு எண்ணெயின் விலை தாங்காது. தாவரக் கழிவிலிருந்து செய்யக்கூடிய 2-மெத்தில் ஆக்சோலேன் என்னும் திரவத்தை ஐரோப்பிய ஒன்றியம் உணவுத் தொழிலுக்கு அண்மையில் அனுமதித்திருக்கிறது. அது எங்கள் பக்கத்து ஆலைகளுக்கு வரும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். பசைக்கு மாற்று அவ்வளவு தொலைவில் இல்லை: நீரில் கரைத்த பசை இருக்கிறது, ஹெப்டேன் இருக்கிறது, அவற்றுக்கும் முன்னால் சுவரில் ஓர் உறிஞ்சு விசிறி இருக்கிறது.

மாமன் மகனை அந்தப் பட்டறையிலிருந்து நிறுத்தினோம். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதங்கள் அவருடைய கால் இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. நஞ்சு உள்ளே போவது நின்ற பின்னும் நரம்பின் சிதைவு சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும் என்பது இந்த நோயின் இயல்பு என்று நரம்பியல் மருத்துவர் விளக்கியிராவிட்டால் நாங்கள் நம்பிக்கை இழந்திருப்போம். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஓராண்டு கழித்துப் பொத்தான் போட்டார். இரண்டாம் ஆண்டில் சைக்கிள் மிதித்தார். இப்போது ஊரிலேயே மளிகைக் கடை வைத்திருக்கிறார். மருத்துவர் கணுக்காலின் பின்னால் சிறு சுத்தியலால் தட்டும்போது பாதம் இன்னும் அசைவதில்லை. சித்தி வாங்கும் தவிட்டு எண்ணெய்ப் பாக்கெட் அவருடைய கடையிலிருந்துதான் வருகிறது.